ஒரு நட்சத்திரக்காரன்

அந்தக் காதுல மாட்டியிருக்கறதக் கொஞ்சம் கழட்டு கண்ணு. கோவிச்சுக்காதே. உன்ற போனக் கொஞ்சம் குடு, ஒரே ஒரு கால் பண்ணிட்டுத் தந்தர்றேன். என்ற போன்ல இருந்து இருவத்தாறு தடவை அடிச்சுட்டேன், எடுக்கவே மாட்டேங்கறான். புது நம்பர்னா எடுப்பான். காய் மண்டியில வேலை செய்யறவன், தோட்டத்துக்காரங்க யாராவதுன்னு நெனச்சு எடுத்துருவான்.

டவர் இல்லியா? காட்டு. ஆமா, ஒரு கோடுகூட இல்ல. என்றதுலயும் இல்ல. கருமம் புடிச்ச ரோடு. தாராபுரம் கிட்டப் போனாத்தான் வரும்ங்கறாரு கண்டக்டர். மணி என்ன? மூணரையா? அய்யோ கண்ணு, அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சு போயிரும். அஞ்சு மணிக்கு மேல அவன் எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன.

பயந்துக்காதே, யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆட்டம். போன்ல ஆடற ஆட்டம். சிரிக்கறயா? சிரி. என்ற புள்ளையும் சிரிக்கறா. அவதான் கல்யாணம் ஆகி ஓசூர் போறதுக்கு முன்னாடி எனக்கு இதைப் போட்டுக் குடுத்தா. பொழுது போகும்மான்னா. போச்சு. நாலு வருசம் போச்சு. இப்ப முப்பது பேரு இருக்கற படைக்கு நான் தலைவி. வேங்கைப் படை. பேரு நான் வெச்சது.

ஆட்டம் உனக்குத் தெரியுமா? தெரியாதா? சரி கேளு, சுருக்கமாச் சொல்றேன். ஆளுக்கொரு கோட்டை. இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பது. ஒரு நாள் டயம். ஒரு ஆளு ஒரு தடவைதான் அடிக்கலாம். எதிராளி கோட்டைய கொஞ்சம் ஒடைச்சா ஒரு நட்சத்திரம், பாதிக்கு மேல ஒடைச்சா ரெண்டு, தரைமட்டம் பண்ணினா மூணு. கடைசில எந்தப் படைக்கு நட்சத்திரம் ஜாஸ்தியோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம் இருக்குது சொல்லு? சின்னப் புள்ளைங்க ஆடுதுங்க.

ஆனா அவனுக்கு வரமாட்டேங்குது கண்ணு. நாட்ராயன்னு பேரு. ஆட்டத்துல மின்னல்னு வெச்சுக்கிட்டிருக்கான், கேட்டுக்க. ஒட்டன்சத்திரத்துல ஒரு மண்டியில மூட்டை தைக்கறான். நாலு வருசமா ஒரே ஒரு நட்சத்திரம். யாரை அடிச்சாலும் ஒண்ணு. சொத்தக் கோட்டைய அடிச்சாலும் ஒண்ணு. ஆட்டம் முடிஞ்சதும் வந்து, "சாரிக்கா, அடுத்த தடவை சரியா அடிச்சர்றேன்க்கா"ம்பான். எனக்கு வயிறு எரியும்.

நான் சொல்லித் தராமலா இருக்கறேன்? ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாடி ஒக்காந்து, எதிராளி கோட்டை முப்பதையும் பாத்து, ஒவ்வொருத்தருக்கும் எப்படி அடிக்கறதுன்னு வாய்ஸ் போடுவேன். முப்பது பேருக்கும் தனித்தனியா. ஆளுக்கு அஞ்சு நிமிசம். தொண்டை கட்டிக்கும். வடக்கு மூலையில எறங்கு, பூதங்கள மொதல்ல விடு, பொறவு வில்லுக்காரங்க. எல்லாருக்கும் இதேதான் அடிப்படை. மத்தவங்கெல்லாம் இதை வெச்சு ரெண்டு மூணுன்னு எடுக்கறாங்க. கொஞ்சம் அவங்க இஷ்டத்துக்கு மாத்திக்குவாங்க, அது நான் கண்டுக்கறதில்ல, ஜெயிக்கறாங்கல்ல. இவன் மட்டும் வடக்கு மூலையில எறங்கி, பூதத்த விட்டு, வில்லுக்காரங்கள விட்டு, எல்லாம் செத்து, ஒரு நட்சத்திரத்தோட வந்து நிப்பான்.

ரெண்டே தடவைதான் மூணு எடுத்திருக்கான். அதுவும் எப்பன்னா, என்ற போன் தண்ணிக் கொடத்துல விழுந்து ஒரு வாரம் நான் இல்லாதப்ப. அக்கா இல்லியேன்னு பொறுப்பு வந்திருக்கும்போல. அப்ப முடியுதுல்ல? என்னையக் கண்டா மட்டும் என்ன மெத்தனம்? இதைச் சொல்லி அவனை எத்தனை தடவை வெச்சு வாங்கியிருக்கேன்.

மத்தபடி கெட்டவன்னு சொல்ல மாட்டேன். போன பொங்கலுக்கு ஒரு சாக்கு முருங்கைக்காய் பஸ்சுல போட்டு உட்டான், கம்பெனி விலாசத்துக்கு. அந்தச் சாக்குல அச்சடிச்சிருந்த மண்டி பேரை வெச்சுத்தான் இப்பத் தேடிக்கிட்டுப் போறேன். எந்தத் தெரு, எப்படி இருப்பான், கறுப்பா செவப்பா, ஒண்ணும் தெரியாது. போயி விசாரிக்கோணும்.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். இருந்தேன்னுதான் சொல்லோணும். இன்னைக்குக் காலைல எங்க சூப்பர்வைசர் சம்பத்து, அவன் ஒரு மனுசனா கண்ணு? போன மாசம் நான் கவனிக்காம உட்ட பீசெல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் கொண்டாந்து, நாப்பது பேரு முன்னாடி நின்னு படிக்கறான். ஓட்டை ரெண்டு. கறை மூணு. தையல் விட்டது நாலு. படிச்சுட்டு, "கலாமணியக்கா, இனிமே நீங்க நூல்பிசிறு வெட்டப் போங்க"ன்னுட்டான். பதினோரு வருசம் செக்கிங் மேசையில நின்னவ நான். ஒரு ஆளத் தனியாக் கூப்புட்டுச் சொன்னா என்ன? நாலு பேரு முன்னாடியா ஒருத்தரோட தப்பப் படிக்கறது? அதுல என்ன சந்தோசம் இவனுங்களுக்கு?

நான் அப்படியா? மாசாமாசம் குரூப்புல பட்டியல் போடுவேன், ஆளுக்கு எத்தனை நட்சத்திரம்னு. கடைசில இருக்கறவன் பேருக்குச் செவப்புக் கலர். அது ஒரு இதுக்கு, ஊக்கமா இருக்கட்டும்னு. நாட்ராயன் ஒரு தடவைகூட மொகம் சுளிச்சதில்ல. கும்புடற கை பொம்மை போடுவான்.

சரி, விசயத்துக்கு வர்றேன். நேத்து அஞ்சு மணிக்கு ஆரம்பிச்ச சண்டை. இதுல தோத்தா கீழ் வகுப்புக்கு எறக்கிருவாங்க. அதுகூடப் பரவால்ல. எங்க படையில துணைத் தலைவன் நிவாஸ்னு ஒருத்தன், சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி. அவன் சொல்லிட்டான், "இதுலயும் தோத்தா நாங்க எல்லாரும் தனியாப் போயிக்கறோம்க்கா"ன்னு. நாங்கன்னா எத்தனை பேருன்னேன். "எல்லாரும்தான்"ங்கறான்.

எனக்கு வேற என்ன இருக்குது கண்ணு? ஊட்டுக்காரர் இருக்கறாரு. நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டுவாரு. புள்ளைக்குப் போன் போட்டா, "அம்மா, குக்கர் விசில் வருது, அப்பறம் பேசறேன்"ம்பா. ஒரு நாளைக்கு எத்தனை குக்கர் வெப்பா அவ? கம்பெனில மிசினு சத்தம். அந்தப் படையில மட்டும்தான் நான் பேசினா முப்பது பேரு கேப்பாங்க. தலைவின்னு கூப்புடுவாங்க. அது போச்சுன்னா நான் எங்க போயிப் பேசறது? செவுத்துகிட்டயா?

இன்னைக்குப் பதினோரு மணி டீ டயத்துல போனப் பாக்கறேன். அவங்க எழுவத்து மூணு. நாங்க எழுவத்து ரெண்டு. அவங்க எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு. எங்கள்ல ஒரே ஒரு ஆளு பாக்கி. யாரு? அவனேதான். ரெண்டு நட்சத்திரம் எடுத்தா ஜெயிச்சர்றோம். ஒண்ணு எடுத்தா சமம். சமம்னா மொத்தத்துல எவ்வளவு ஒடைச்சோம்னு பாப்பாங்க, அதுல நாங்க பின்னாடி. ரெண்டு வேணும். என்னடா பண்றேன்னு கேட்டா, "லோடு வந்துருக்குக்கா, தைச்சு முடிச்சுட்டு மத்தியானம் அடிச்சர்றேன்"ங்கறான். லோடாம்! சம்பத்து சீட்டுப் படிச்சு அரை மணி நேரம்கூட ஆகல, பிசிறு வெட்டற கத்திரி கையில இருக்குது, இவன் லோடுங்கறான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சோ. "உன்னைய மாதிரி ஒருத்தன் இருந்தா எந்தப் படையும் உருப்படாது. போயி மூட்டையே தையி"ன்னு எல்லாரும் பாக்கற மாதிரி எழுதிப்போட்டு, அவனைப் படையில இருந்து நீக்கிட்டேன்.

நீக்கிட்டு, என்ற புள்ளை பேருல ஒரு கணக்கு வெச்சிருக்கேன், அதைச் சேத்து அவனுக்குப் பதிலா நானே அடிச்சரலாம்னு பாக்கறேன். முடியாது கண்ணு. சண்டை ஆரம்பிச்சதுக்கப்பறம் ஆள மாத்த முடியாது. பட்டியல்ல யாரு இருக்காங்களோ அவங்கதான் அடிக்கோணும், அதுவும் படைக்குள்ள இருந்துதான் அடிக்கோணும். நாலு வருசம் தலைவியா இருக்கறவளுக்கு இது தெரியாதா? தெரியும். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். ஆத்திரத்துல மறந்துட்டேன்.

திரும்பி வாடான்னு அழைப்பு அனுப்பினேன், ஏத்துக்கல. வாய்ஸ் போட்டேன், கேக்கல. போன் எடுக்கல. நிவாஸ் குரூப்புல கேள்விக்குறி மட்டும் போடறான், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. ஒரு மணிக்கு வயித்து வலின்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். சம்பத்து, "ஒரே நாள்ல வலி வந்துருச்சாக்கா"ன்னு சிரிச்சான். பஸ் ஏறிட்டேன். போயி அவன் கையப் புடிச்சு, இல்ல கால்ல உழுகச் சொன்னா கால்லயே உழுந்து...

டவர் வந்துருச்சா? வந்துருச்சு! ரெண்டு கோடு! அடி கண்ணு, நம்பர் சொல்றேன், சீக்கிரம் அடி. மணி நாலு பத்து. அடி. ரிங் போகுதா? குடு இங்க.

ஹலோ. ஹலோ, நாட்ராயா? வெச்சறாத சாமி, வெச்சறாத. நான்தான். அக்காதான். ஆமா, வேற நம்பர். ஏன்டா எடுக்கல நீ? என்னது? என்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாமயா? சரி உடு. நான் ஏதோ ஒரு வேகத்துல எழுதிட்டேன். மனசுல வெச்சுக்காத. வெச்சுக்கலியா? நெசமா? சரி, அழைப்பு அனுப்பியிருக்கேன் பாரு, உள்ள வா. ஒடனே வா. நாலு அம்பதுக்குள்ள அடிச்சரோணும். பஸ் சத்தமா? அது... கம்பெனி வேலையா ஒரு பக்கம் போறேன். என்னது? நிவாஸ் போன் பண்ணுனானா? என்ன சொன்னான்? தெக்க இருந்து அடிக்கச் சொன்னானா? ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி அடின்னா சொன்னான்? அவன் யாருடா சொல்றதுக்கு? தலைவி நானா அவனா? நீ என்ன சொல்றே? நான் சொன்னபடிதான் அடிப்பியா? அப்படிச் சொல்லு. உள்ள வா, வாய்ஸ் போடறேன். கவனமாக் கேளு. ரெண்டு தடவை கேளு.

இந்தா கண்ணு போனு. மகராசியா இருப்பே. பாத்தியா, எடுத்தான் பாத்தியா? கோவமே இல்லைங்கறான். இரு, இரு, வாய்ஸ் போட்டர்றேன். சத்தம் போடாத.

நாட்ராயா, நல்லாக் கேளு. வடக்கு மூலை. பூதம் எட்டையும் ஒண்ணா எறக்கு. பயப்படாதே...

போட்டாச்சு. கேட்டுட்டான், நீலக் கோடு வந்துருச்சு. மறுக்காவும் கேக்கறான் போல. ஏன் கண்ணு அப்படிப் பாக்கறே? தெக்க இருந்து ஏன் அடிக்கக் கூடாதுன்னா? நீ ஆட்டமே தெரியாதுன்னியே. தெக்கால மதில் இல்லாமக் கெடக்குதுதான், அதுக்காக எதிராளி என்ன முட்டாளா, சும்மா தொறந்து வெச்சிருப்பானா? பொறி வெச்சிருப்பான். நாலு வருச அனுபவம் கண்ணு எனக்கு. அவன் உள்ள வந்துட்டான். மின்னல் சேர்ந்தார்னு வருது பாரு. அடிக்க ஆரம்பிச்சுட்டான். நாமளும் இதுல பாக்கலாம், இப்படி வா, சாஞ்சு பாரு.

எட்டுப் பூதம். எறக்கிட்டான். நான் சொன்ன எடம்தான், ஒரு விரக்கடை அக்கட்டால இக்கட்டால இல்ல. வில்லுக்காரங்கள உடு. உட்டுட்டான். போடு. போடு. அடடே, அந்தப் பீரங்கி எங்கிருந்து... நாலு செத்துருச்சு. பரவால்ல, இன்னும் நாலு இருக்குது. மூணு. நாட்ராயா, திருப்புடா. திருப்பு. நாப்பத்தொண்ணு பெர்சென்ட். அம்பது வந்தாப் போதும். நாப்பத்து மூணு. சாமி, சாமி, இன்னும் ஒரே ஒரு சுவரு. நாப்பத்தஞ்சு.

முடிஞ்சுது.

ஒரு நட்சத்திரம்.

என்ன கண்ணு சொல்றே? கேக்கல. வேண்டாம், தண்ணி வேண்டாம். ஒண்ணுதான் எடுப்பான், எனக்குத் தெரியும். நாலு வருசமாத் தெரியும். தெரிஞ்சும் நான் பஸ் ஏறி வர்றேன் பாரு. அவன் எழுதறான் பாரு: "சாரிக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான்க்கா அடிச்சேன். எப்பவும் அப்படித்தான்க்கா அடிக்கறேன். ஏன்னே தெரியல." நான் சொன்ன மாதிரி அடிச்சானாம்! நான் சொன்ன மாதிரி அடிச்சா மூணு வராம எப்படிக் கண்ணு?

மணி அஞ்சு. தோல்வின்னு கொட்டை எழுத்துல வருது. எனக்குப் பாக்கப் புடிக்கல, நீயே பாரு. என்ன வருது? நிவாஸ் வெளியேறினார். ம். கோகுல் வெளியேறினார். ஷாகுல் அண்ணன் வெளியேறினார். அவருக்குப் பொண்ணு பொறந்தப்ப நான்தான் பேரு சொன்னேன் கண்ணு. அமுதா டீச்சர் வெளியேறினார். டீச்சருமா? படிச்சுக்கிட்டே இரு. வேண்டாம், படிக்காத. வேண்டாம்.

நிவாஸ் தனியா எனக்கு எழுதியிருக்கான். கண்ணு கலங்குது, எழுத்து தெரியல, நீ படி. சத்தமாவே படி, பரவால்ல.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க வாய்ஸை ஒரு வருசமா எங்கள்ல யாரும் கேக்கறதில்ல. மியூட்ல போட்டுட்டு எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி அடிப்போம். கேட்டு அதே மாதிரி அடிச்சவன் ஒருத்தன்தான். அவனைத்தான் நீங்க திட்டினீங்க."

மறுக்காப் படி.

போதும்.

ஒரு வருசமா கண்ணு. ஆளுக்கு அஞ்சு நிமிசம். முப்பது பேரு. பழனி கோயில் வரிசையில நின்னுக்கிட்டுக்கூட வாய்ஸ் போட்டிருக்கேன். ஒருத்தரும் கேக்கலியா? அப்ப நான் யாருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்? ஷாகுல் அண்ணன் மட்டுமாவது... இல்ல, அவரும்தான். எல்லாரும்தான்ங்கறானே. ஒருத்தன்தானாம்.

அந்த ஒருத்தன் கேட்டும் என்ன புண்ணியம்? கேட்டா ஒழுங்காக் கேக்கோணும். அரைகுறையாக் கேட்டா ஒரு நட்சத்திரம்தான் வரும். நீ ஏன் கண்ணு என்னைய அப்படிப் பாக்கறே? என்ன சொல்ல வர்றே? வேண்டாம், சொல்லாத. இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு என்னால அதையும் சேத்துத் தாங்க முடியாது.

எத்தனை பேரு இருக்காங்க இப்ப? ரெண்டா? நல்லாப் பாரு. நானு ஒண்ணு. இன்னொண்ணு யாரு?

அவன் போகலியா? எல்லாரும் போனது தெரியலியோ என்னமோ அவனுக்கு. மூட்டை தைக்கப் போயிருப்பான், பாத்திருக்க மாட்டான். பாத்தானா? என்ன எழுதியிருக்கான்? "அக்கா, அடுத்த சண்டை எப்பக்கா? வாய்ஸ் போடுங்க"ன்னா எழுதியிருக்கான்? முப்பது பேருக்கு முப்பது பேரோட ஆடற ஆட்டம் கண்ணு இது. ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு எவன்கூடச் சண்டை போடறது? கிறுக்கன். கிறுக்கன் கண்ணு இவன்.

அழுகறதெல்லாம் இல்ல. தூசி.

கண்டக்டர் விசிலடிச்சுட்டாரு. ஒட்டன்சத்திரம் வந்துருச்சா? எதுக்கால திருப்பூர் பஸ் நிக்குது பாரு. ஏறினா எட்டு மணிக்குள்ள ஊட்டுல இருக்கலாம். ஊட்டுல போயி? டிவி ஓடிக்கிட்டு இருக்கும். நாளைக்குக் கம்பெனிக்குப் போனா கத்திரிய எடுத்துக் குடுப்பாங்க. இங்க வந்ததுக்கு வேலையும் இல்ல இப்ப, அடிக்க வெக்கத்தான் வந்தேன், அடிச்சுட்டான், தோத்துட்டோம். அவன்ற மண்டிக்குப் போயி என்னன்னு சொல்லிக்கிட்டு நிக்கறது? அவனுக்கு நான் வர்றதே தெரியாது. கம்பெனி வேலைன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன்.

எறங்கறேன்னு சொல்லு கண்ணு கண்டக்டருகிட்ட. அந்தப் பைய எடு. என்ற மூஞ்சி எப்படி இருக்குது? அழுத மாதிரி தெரியுதா? அவன் என்னையப் பாத்ததில்ல கண்ணு, நாலு வருசமா என்ற குரலை மட்டும்தான் கேட்டிருக்கான். மண்டி வாசல்ல போயி சத்தம் போட்டாத்தான் நான்தான்னு அவனுக்குத் தெரியும்.